கால் நீட்டிப் படுக்க

போர்ட் கிள்ளானிலிருந்து காலையில் புறப்படும் கொமுட்டர் ரயிலில், பெண்கள் பெட்டியின் ஓரத்து இருக்கையில், ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே வரும் உஷாராணியை நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். ஐம்பத்து மூன்று வயது. வெளுத்த நீலச் சட்டை, வாரி முடிந்த தலை, மடியில் இறுக்கிப் பிடித்த கைப்பை. இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அதில் பாதி உண்மை. இரவு வேலை முடித்துத்தான் வந்தாள். போவதற்குத்தான் வீடு இல்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய கிடங்கு ஒன்றில் அவளுக்குத் துப்புரவு வேலை. மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை. தரை துடைப்பாள், கழிவறை கழுவுவாள், கேண்டீன் மேசைகளைத் துடைத்து நாற்காலிகளை அடுக்குவாள். வேலை முடிய அரை மணி இருக்கும்போது பெண்கள் கழிவறைக்குள் போய்க் குளித்துவிடுவாள். தலைக்கு மட்டும் வாரத்துக்கு ஒருமுறைதான். ஈரத் தலையோடு வெளியே வந்தால், "என்னக்கா, இங்கேயே குளிச்சிட்டுப் போறீங்க?" என்று யாராவது கேட்பார்கள். கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதே அவளுக்கு இரண்டாவது வேலையாக இருந்தது. சம்பளம் இல்லாத, ஓய்வு இல்லாத வேலை.

ரயில் கிள்ளான், ஷா ஆலம், சுபாங் என்று ஊர்ந்து, கோலாலம்பூரின் பெரிய நிலையமான கேஎல் சென்ட்ரலைத் தாண்டி, வடக்கே தஞ்சோங் மாலிம் வரை போகும். அவள் கடைசி வரை போய், அதே வழியில் திரும்புவாள். போக வர அவளுக்குக் கிடைப்பது நான்கைந்து மணி நேரத் தூக்கம். அதையும் உட்கார்ந்தபடிதான் தூங்க வேண்டும். முதல் வாரத்திலேயே அதைத் தெரிந்துகொண்டாள். உட்கார்ந்து தூங்குகிறவளை உழைத்துக் களைத்தவள் என்று ஊர் விட்டுவிடும். அதே பெண் பெஞ்சில் கால் நீட்டிப் படுத்தால், பத்து நிமிடத்தில் ஒரு காவலாளி வந்து நிற்பார்.

மதியம் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடப்பாள். அங்கே நசீமா அக்காவின் துணிக்கடை. உஷாராணி தன் மகள் லோகேஸ்வரியின் கல்யாணத்துக்குச் சேலை எடுத்த நாளிலிருந்து பழக்கம். கடையின் மாடியில் துணி மூட்டைகள் அடுக்கிய அறையில் உஷாராணியின் பெரிய பை ஒன்று இருந்தது. "இங்கயே இருக்கட்டும்க்கா, தூக்கிட்டு அலைய முடியல" என்று ஒருநாள் வைத்தது. நசீமாவும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பையிலிருந்து மாற்றுத் துணி எடுத்து, காசு போட்டால் துவைக்கும் டோபிக் கடையில் போட்டுத் துவைத்து, எங்கேயாவது சாப்பிட்டு, கோயில் மண்டபத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, ஐந்து மணிக்குத் திரும்பவும் ரயில் ஏறுவாள்.

இப்படியே பதினோரு மாதம் போயிற்று.

அதற்கு முன்னால் அவளுக்கும் வீடு இருந்தது. கிள்ளானில் வாடகைக்கு எடுத்த பழைய வரிசை வீடு. கணவன் நாகையா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினான். கை நிறையச் சம்பாதித்த காலமும் உண்டு. மகளுக்கு ஊர் மெச்சக் கல்யாணம் செய்து ஜொகூருக்கு அனுப்பினார்கள். மறு வருடம் நாகையாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பகலில் அவனை அழைத்துக்கொண்டு போய்வர, உஷாராணி மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு மாறினாள். மூன்று வருடம் அப்படி ஓடியது. சேர்த்து வைத்ததெல்லாம் கரைந்தது. பிறகு நாகையாவும் போனான்.

அவன் கருமாதி முடிந்து இரண்டு மாதத்தில் வீட்டுச் சொந்தக்காரரின் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். அதே வருடம் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. ஒன்று மட்டும் நடந்திருந்தால் சமாளித்திருப்பாள். இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக வந்ததில் அவளுக்கு மூச்சுவிடக்கூட நேரம் இல்லை.

மேருவில் அண்ணன் தம்புசாமி இருந்தார். "எங்க போவே? வா, இங்க இரு" என்று அவரே வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். மூன்று அறை வீட்டில் ஏற்கனவே ஏழு பேர். உஷாராணி கூடத்தில் படுத்தாள். டிவி நின்றால்தான் அவள் பாய் விரிக்க முடியும். அண்ணி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தாலாவது சண்டை போட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். காலையில் எல்லோரும் அவளைத் தாண்டி மெதுவாக, சத்தம் வராமல் நடப்பார்கள். அந்த மெதுவான நடை அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. புதுப்பெண் வரப்போகிற வீட்டில் கூடத்தில் கிடப்பது சரியில்லை என்று அவளாகவே முடிவு செய்தாள். அதற்குள் கிடங்கு வேலையும் கிடைத்திருந்தது. கிள்ளானில் ஓர் அறைக்குப் போனிலேயே பேசி முடித்தாள். நல்ல மலாயில், தெளிவாகப் பேசினாள். "வாங்க, சாவி தரேன்" என்றாள் வீட்டுக்காரப் பெண்.

அண்ணன் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட் முன்னால் நின்றாள். வீட்டுக்காரப் பெண் கதவைத் திறந்து, அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மன்னிக்கணும், ரூம் நேத்தே போயிருச்சு" என்று மலாயில் சொன்னாள். 'அறை வாடகைக்கு' என்று எழுதிய அட்டை கேட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பி அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் அண்ணி கதவைத் திறந்திருப்பாள். ஆனால் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, "ரூம் நல்லா இருக்குண்ணி, ஜன்னல்கூட இருக்கு" என்று பார்க்காத அறையைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தாள். பையோடு நேரே வேலைக்குப் போனாள். மறுநாள் காலை அதே பையோடு ரயில் ஏறினாள். இன்று ஒருநாள் மட்டும் ரயிலில் தூங்கிக்கொள்ளலாம், நாளைக்கு வேறு அறை பார்த்துவிடலாம் என்று நினைத்தாள்.

பார்க்காமல் இல்லை. சில விளம்பரங்களில் இந்தியர் வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. எழுதாதவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு சொன்னார்கள். நம்மவர்கள் வீட்டில் வேறு கேள்வி. "தனியா இருக்கீங்களா? ஆம்பளத் துணை யாரும் இல்லையா? நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பாக்கறது?" எல்லாம் சரிப்பட்டு வந்த ஓரிரு இடத்தில் மூன்று மாத வாடகையை முன்னால் கொண்டுவரச் சொன்னார்கள். அது அவள் கையில் ஒருபோதும் ஒன்றாகச் சேரவில்லை. வெளியே இருப்பதற்கும் செலவு உண்டு. சமைக்க இடமில்லாதவள் மூன்று வேளையும் கடையில்தான் சாப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. இரவு போக இடமில்லாதவளுக்கு அதைப் போலத் தண்டனை வேறில்லை. மேற்பார்வையாளர் கமலநாதனிடம் கேட்டு ஞாயிறும் ஓவர்டைம் வாங்கிக்கொண்டாள். கூட வேலை செய்த பெண்கள் கேலி செய்தார்கள். "உஷாக்காவுக்கு எவ்ளோ வந்தாலும் பத்தாது லா. பங்களா கட்டறாங்க போல." அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மகளிடம், தோழி ஒருத்தியோடு தங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தாள். லோகேஸ்வரி வீடியோவில் கூப்பிட்டால் நசீமாவின் மாடி அறைச் சுவரை ஒட்டி நின்று பேசுவாள். "என்னம்மா, எப்பப் பாத்தாலும் அதே செவரு?" என்பாள் மகள். "ரூமுன்னா செவரு இருக்கும்தானே" என்பாள் இவள். மகள் ஜொகூரில் இரண்டு அறை ஃபிளாட்டில் மாமியார், மாமனார், கணவன், கைக்குழந்தையோடு இருந்தாள். சொன்னால் வா என்றுதான் சொல்வாள். பிறகு அந்தப் பெண் எல்லோருக்கும் நடுவில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கூடத்தில் படுத்து எழுந்தவளுக்கு அது தெரியும்.

பதினோராவது மாதம் கால்கள் வீங்கத் தொடங்கின. முதலில் மாலையில் மட்டும் வீங்கியது, பிறகு எந்நேரமும். செருப்பின் வார் சதைக்குள் பதிந்தது. ஒரு வியாழக்கிழமை காலை வலது காலில் தோல் சிவந்து கொதித்தது. வேலை முடிந்து நேரே கிளினிக்குக்குப் போனாள். சின்ன வயது டாக்டர், தமிழ்ப் பெண்.

"ஆன்டி, நீங்க ரொம்ப நேரம் உக்காந்தே இருக்கீங்களா?"

"ராத்திரி பூரா நின்னுதான் வேலை, டாக்டர்."

"அப்ப பகல்ல? படுத்து எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?"

உஷாராணி வாயைத் திறந்தாள். பொய் தயாராகத்தான் இருந்தது, ஆனால் நாக்குக்கு வரவில்லை. கடைசியாக எப்போது கால் நீட்டிப் படுத்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். அண்ணன் வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது.

"கொஞ்ச நேரம்தான்" என்றாள்.

"அதான் பிரச்சனையே. கிருமி உள்ள போயிருக்கு. மருந்து தரேன். ஆனா மருந்து மட்டும் பத்தாது. வீட்டுல நல்லா கால் நீட்டிப் படுக்கணும். காலுக்குக் கீழ ரெண்டு தலையணை. அஞ்சு நாளைக்கு எம்சி எழுதறேன். வேலைக்குப் போகக் கூடாது."

"எம்சி வேணாம் டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டாள். "எல்லாரும் எம்சி கேட்டுதான் என்கிட்ட வருவாங்க. நீங்க வேணாங்கறீங்க. சம்பளத்தோட லீவு ஆன்டி. வீட்டுல ராணி மாதிரி படுத்துக்குங்க."

எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டைக் கைப்பையில் ஒளித்துக்கொண்டு அன்று மாலையும் வேலைக்குப் போனாள். கமலநாதன் அவள் நடையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். டாக்டரிடம் போனாளா என்று கேட்டுச் சீட்டை வாங்கிப் படித்தார். நல்ல மனிதர்தான்.

"என்ன ஆன்டி இது? எம்சியை வச்சுக்கிட்டு வேலைக்கு வர்றதா? உள்ள ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் போகும். பணம் பணம்னு ஓடாதீங்க லா. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

"உக்காந்து செய்யற வேலை ஏதாவது இருந்தா..."

"ஒரு வேலையும் இல்ல. போங்க ஆன்டி. திங்கள் வரைக்கும் இந்தப் பக்கம் வரக் கூடாது."

கேட்டுக்கு வெளியே அவள் கொஞ்ச நேரம் நின்றாள். இத்தனை மாதமும் இரவுகளைக் கிடங்கு தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது ஓய்வெடு என்று அதையும் பூட்டிவிட்டார்கள்.

அந்த மூன்று இரவுகளைப் பற்றி அவள் பிறகு யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. ஒரு பெரிய மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களோடு சேர்ந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது இரவில் காவலாளி வந்து, "உங்க ஆளு எந்த வார்டு?" என்று கேட்டார். அவள் எழுந்து நடந்தாள். அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் பிரிக்பீல்ட்ஸில் காய்ச்சலோடு நடந்துகொண்டிருந்தாள். சாப்பிட்டால்தான் மருந்து போட முடியும். சம்பளம் வர இன்னும் நான்கு நாள் இருந்தது. நசீமாவின் கடை ஞாயிறு மூடியிருக்கும். பாலத்தடியில் ஒரு தொண்டுக் குழு வேன் நிறுத்திச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஐம்பது அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். உஷாராணி அந்தப் பக்கத்தை எப்போதும் சுற்றிக்கொண்டு போவாள். அன்று சுற்றிப் போகக் கால் இல்லை. போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

மஞ்சள் டி-ஷர்ட் போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு ஓடிவந்தாள்.

"ஆன்டி, நீங்க வாலண்டியரா? இந்தப் பக்கம் வாங்க, கிளவுஸ் அங்க இருக்கு."

உஷாராணிக்கு ஒரு நொடி அந்தப் பக்கமே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. கையுறை மாட்டிக்கொண்டு பொட்டலம் கொடுக்கலாம். அது அவளுக்குத் தெரிந்த வேலை.

"இல்லம்மா. சாப்பாட்டுக்குதான்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு தடுமாறியது. அவள் கண் உஷாராணியின் வாரிய தலையில் பட்டது. துவைத்த சட்டையில், கழுத்தில் தொங்கிய வேலை அட்டையில், கையிலிருந்த போனில் பட்டது.

"ஆன்டி... இது வந்து, வீடு இல்லாதவங்களுக்குக் கொடுக்கறது. எண்ணிதான் கொண்டாந்திருக்கோம். அவங்களுக்கு இல்லாம போயிடும். தப்பா எடுத்துக்காதீங்க, ப்ளீஸ்."

குரலில் ஏளனம் துளியும் இல்லை. கெஞ்சத்தான் செய்தாள். உஷாராணி அவளுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கும் வீடு இல்லை என்று மூன்றே வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும். அறுபது பேர் முன்னால் நின்று தன்னை நிரூபிக்கிற தெம்பு அவளிடம் இல்லை.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு வரிசையிலிருந்து விலகிப் போய், ஒரு தூணடியில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் வந்து பக்கத்தில் குந்தினான். நாற்பது வயது இருக்கும். பொட்டலத்தைப் பிரித்து, தாளைக் கிழித்து அதில் பாதிச் சோற்றைத் தள்ளி அவள் பக்கம் வைத்தான்.

"சாப்பிடுங்கக்கா. என் பேரு குரு."

"எனக்கு வேணாம் தம்பி. நான் அந்த மாதிரி..."

"காலைப் பாத்தாலே தெரியுதுக்கா. உக்காந்து உக்காந்து தூங்கற கால். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு." அவன் வேட்டியை விலக்குவதுபோல் கால்சட்டை முனையைத் தூக்கிக் காட்டினான். கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துத் தடித்திருந்தது. "செலாயாங் மார்க்கெட்டுல காய்கறி மூட்டை எறக்கறேன். விடியக்காலை வேலை. அந்தப் பிள்ளைங்க என்னையும் முதல் தடவை திருப்பி அனுப்புனாங்க. அன்னைக்குன்னு பாத்து ஷேவ் பண்ணியிருந்தேன்."

உஷாராணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. முந்தானை இல்லாததால் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு சோற்றைத் தின்றாள். குரு வேறெதுவும் கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனான். அவனை அவள் பிறகு பார்க்கவில்லை.

ஞாயிறு இரவும் எப்படியோ கழிந்தது. திங்கள் காலை நசீமா கடை திறந்ததும் உள்ளே போய், "துணி எடுத்துக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள். பையைத் திறந்தாள். பக்கத்தில் சேலை மூட்டைகள் இரண்டு சரிந்து கிடந்தன. ஐந்து நிமிடம் என்று நினைத்து அவற்றின் மேல் உட்கார்ந்தாள். பிறகு காலைத் தூக்கி வைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு நினைவில்லை.

விழித்தபோது நசீமா எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மதியத் தொழுகை முடித்து வந்திருக்க வேண்டும். தலைத்துணி புதிதாகச் சுற்றியிருந்தது. அறுபது வயதுக்காரர், பருத்த உடம்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்கும். இருந்தும் ஏறி வந்திருந்தார்.

"அஞ்சு மணி நேரமாத் தூங்கறே. மூணு தடவ வந்து பாத்துட்டேன். உடம்பு நெருப்பாக் கொதிக்குது. வீட்டுக்குப் போய்ப் படுக்கறதுக்கு என்ன?"

"வீடு இல்லக்கா."

சொல்லிவிட்டாள். இத்தனை நாள் கட்டிக் காத்தது இவ்வளவு சின்ன வாக்கியமா என்று அவளுக்கே தோன்றியது.

"இல்லன்னா? என்ன அர்த்தம்?"

"இல்லன்னா இல்லதான்க்கா."

நசீமாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. "ஏன், வேலை போயிருச்சா?"

"இல்ல. வேலைக்குப் போறேன்."

"மககூட ஏதும் மனஸ்தாபமா?"

"இல்லக்கா."

"உங்க அண்ணன் வெரட்டிட்டாரா?"

"ஐயோ, அவரு தங்கமான மனுஷன்."

"அப்புறம் எப்படி? வேலை இருக்கு, பிள்ள இருக்கு, கூடப் பொறந்தவரு இருக்காரு. அப்படிப்பட்டவங்க எங்கயாச்சும் தெருவுல நிப்பாங்களா? கேட்டா யாரு நம்புவா?"

"யாரும் நம்ப மாட்டாங்கன்னுதான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள் உஷாராணி.

நசீமா மூலையில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்னா நெனச்சேன் தெரியுமா? நீ ஏதோ சாமான் வாங்கி விக்கறே, சைடு வருமானம் பாக்கறேன்னு. என் வீட்டுக்காரர்கிட்டகூட சொன்னேன், உஷா கெட்டிக்காரின்னு." உடனே கோபம் வந்தது. "பதினோரு மாசம் என் தலைக்கு மேல பைய வச்சுக்கிட்டு, கீழ வந்து என்கிட்ட டீ குடிச்சிட்டுப் போயிருக்கே. ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்துடுமா?"

உஷாராணிக்குக் காய்ச்சலில் உதடு காய்ந்திருந்தது. நசீமா கீழே போய்க் கஞ்சியும் இரண்டு தலையணையும் கொண்டுவந்தார்.

அந்த வாரம் அவள் துணி மூட்டைகளுக்கு நடுவில்தான் படுத்தாள். கடைக் கட்டடத்தில் ஆள் தங்கக் கூடாது என்று விதி. நசீமாவின் கணவர் ஜெய்னுதீன் பாய், "கட்டடக்காரர் கேட்டா நான் பாத்துக்கறேன், ஒரு வாரம் இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வாரத்துக்குள் நசீமா அறை தேடத் தொடங்கினார். முப்பது வருடம் கடை நடத்தியவர். ஊரில் பாதிப் பேரைத் தெரியும். இரண்டு போன் போட்டால் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தார்.

முதல் நாள் ஆறு போன், இரண்டாம் நாள் ஒன்பது. மாடியில் படுத்திருந்த உஷாராணிக்குக் கீழே நசீமா பேசுவதெல்லாம் கேட்டது. முதலில் சிரித்துப் பேசுவார். நடுவில் குரல் இறங்கும். கடைசியில், "சரி சரி, பரவால்ல" என்று வைப்பார். ஒவ்வொரு தடவையும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உஷாராணிக்குக் கேட்காமலே தெரியும். மூன்றாம் நாள் மாலை நசீமா மாடி ஏறி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நானும் உன்ன ஏதோ சொன்னேன், சோம்பல் பட்டு ரூம் தேடாம விட்டுட்டியோன்னு நெனச்சேன்" என்றார். "இவனுங்ககிட்ட எப்படித்தான் தனியாப் பேசினியோ."

கடைசியில் ஜெய்னுதீன் பாய்க்குத் தெரிந்த ஒரு லோரிக்காரர் மூலம் போர்ட் கிள்ளானில் ஓர் இடம் வந்தது. வள்ளியம்மா என்று ஒரு விதவை. அடுக்குமாடி வீடு. மகன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் ஓர் அறை சும்மா கிடந்தது. நசீமா போனை ஒலிபெருக்கியில் போட்டு உஷாராணியின் பக்கத்திலேயே வைத்துப் பேசினார்.

"எங்க தங்கியிருந்தாங்க இதுக்கு முன்னால?" என்றாள் வள்ளியம்மா.

நசீமா உஷாராணியைப் பார்த்தார். உஷாராணி, சொல்லுங்க என்று தலையசைத்தாள். பொய் சொல்லி அலுத்திருந்தது.

"தங்க எடம் இல்லாம இருந்தாங்க."

"ரோட்டுலயா? ஏம்மா, குடிக்கற ஆளா? மாத்திர கீத்திர போடற பழக்கம் இருக்கா? எனக்குப் பயமா இருக்கும்மா, நான் ஒண்டியா இருக்கறவ."

"அவங்க குடிச்சா நான் வந்து ஒங்க வீட்டக் கூட்டறேன்!" நசீமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ராத்திரி பூரா கிடங்கு கழுவிட்டு வர்றவங்க. பதினோரு மாசத்துல ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டதில்ல. நீங்களும் ஒண்டி, அவங்களும் ஒண்டி. வந்து ஆளப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

வள்ளியம்மா வந்து பார்த்தாள். உஷாராணியின் காலைத்தான் அதிக நேரம் பார்த்தாள். அவள் கணவனுக்கும் கடைசிக் காலத்தில் கால் இப்படித்தான் இருந்ததாம். ஒரு மாத வாடகை முன்பணம் போதும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். சமையலறையை இரவு ஒன்பதுக்கு மேல் திறக்கக் கூடாது, குளியலறையில் முடி விழுந்தால் எடுத்துப் போட வேண்டும் என்று வரிசையாக நிபந்தனை போட்டாள். உஷாராணி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். நிபந்தனைகளைக் கேட்பதுகூட இதமாக இருந்தது. வீட்டில் இருப்பவர்களுக்குத்தானே நிபந்தனை போடுவார்கள்.

"மககிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார் நசீமா.

உஷாராணியே சொன்னாள். புது அறையிலிருந்து, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னாள். போனில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள்.

"பெத்த பிள்ள நான் ஒருத்தி இருக்கறப்போ..." என்றாள் லோகேஸ்வரி. "வெளிய தெரிஞ்சா என்ன சொல்லுவாங்கம்மா? அம்மாவத் தெருவுல விட்டுட்டான்னுதானே? நானா விட்டேன்?"

"இல்லம்மா. நீ விடல."

"அப்ப ஏன் எனக்கு அப்படி இருக்கு?"

மகள் கோபித்து வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டு அழுதாள். இரண்டு வாரம் கழித்து, குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, சனி இரவு பஸ் பிடித்து, உஷாராணிக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேர்ந்தாள்.

கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருப்பாள் என்று உஷாராணிக்குத் தெரியும். பதில்களை அவளும் யோசித்து வைத்திருந்தாள். மகளுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் செய்வதற்காக வேலை முடிந்து வரும்போதே மீன் வாங்கி வந்திருந்தாள். லோகேஸ்வரி உள்ளே வந்து பையை வைத்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு மெத்தை, ஒரு பிளாஸ்டிக் அலமாரி, ஜன்னல். அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் பாதி வடிந்திருந்தது.

"ஒக்காரும்மா, மீன் கழுவிட்டு வந்துடறேன். அப்புறம் பேசலாம்" என்றாள் உஷாராணி. எழுந்திருக்கும் முன் கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று மெத்தையில் தலையை வைத்தாள்.

அன்று முழுக்க அவள் எழவில்லை. மகள் ஒரு தடவை தலையணையைச் சரி செய்தது கனவுபோல் தெரிந்தது. மதியம் எண்ணெயில் மிளகாய் வதங்கும் வாசம் வந்தது. ஏதோ ஒரு நேரம் நெற்றியில் கை பட்டது. மழை பெய்து ஓய்ந்தது. எழுந்து இந்தப் பெண்ணோடு நாலு வார்த்தை பேச வேண்டும், ஜொகூரிலிருந்து ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள் என்று நினைப்பு வரும். நினைப்பு முடிவதற்குள் திரும்பவும் கண் சொருகும்.

மாலையில் வள்ளியம்மா வாசலில் வந்து நிற்பது தெரிந்தது.

"என்னம்மா, காலையிலேர்ந்து எந்திரிக்கவே இல்ல. உடம்பு கிடம்பு சரியில்லையா? கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவமா?"

"இல்ல ஆன்டி" என்றாள் லோகேஸ்வரி, மெதுவாக. "தூங்கறாங்க. தூங்கட்டும்."

உஷாராணிக்கு அது கேட்டது. மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.